மான்ஸ்டர் ராஞ்சர்

மான்ஸ்டர் ராஞ்சர், டெக்மோ நிறுவனத்தின் வீடியோ கேமைத் தழுவிய ஜப்பானிய அனிமே தொடர். ஜப்பானில் இதன் பெயர் 'மான்ஸ்டர் ஃபார்ம்'. டிஎம்எஸ் நிறுவனம் தயாரித்த 73 பகுதிகள் 1999 முதல் 2000 வரை டிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின.

மூல விளையாட்டு 1997இல் பிளேஸ்டேஷனில் வெளிவந்தது. வீட்டிலிருக்கும் பாட்டு சிடியைக் கருவியில் போட்டால், அதிலிருந்து ஒரு விலங்கு பிறக்கும். அந்த விந்தையையே அனிமே கதையாக்கியது. கெங்கி என்னும் சிறுவன் பரிசாகக் கிடைத்த சிடியைப் போட்டதும் விளையாட்டின் உலகுக்குள்ளேயே இழுக்கப்படுகிறான். மூ என்னும் தீயவனை வெல்ல, ஹாலி என்னும் சிறுமியோடும் விலங்குத் தோழர்களோடும் ஃபீனிக்ஸ் உறங்கும் வட்டக்கல்லைத் தேடி நடக்கிறான். ஃபீனிக்ஸை எதிர்பார்த்து உயிர்ப்பித்த முதல் வட்டக்கல்லிலிருந்து வருவதோ மோச்சி என்னும் குட்டி விலங்கு.

போரில் வீழும் விலங்கு, தன் உருவம் பொறித்த கல்வட்டாக உறைந்துவிடும். தோல்விக்கு இழப்பின் கனத்தைத் தந்ததே இத்தொடரின் தனிச்சிறப்பு. போக்கிமான், டிஜிமான் ஆகியவற்றின் புகழில் மறைந்துபோனாலும், அமெரிக்காவில் ஃபாக்ஸ் கிட்ஸில் இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அனிமே மீதான காதலின் வாசலாக அமைந்த அருமையான படைப்பு இது.