ஔவையின் வகுப்பில் பெண்பிள்ளை

தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக எழுத்துப் படித்தது ஒரு பெண்ணின் பெயரில் வழங்கும் செய்யுளைக் கொண்டுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடிக்கு அடுத்து ஆத்திசூடி. அது மனப்பாடமானதும் கொன்றை வேந்தன். பிறகு மூதுரை, நல்வழி. நான்குமே ஔவையாருடையவை என்பது மரபு. இந்தப் பெருமையை மேடைதோறும் கேட்கிறோம். ஔவையின் பாட்டு ஒலித்த அந்தத் திண்ணையில் எத்தனை பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஔவை என்ற பெயரில் ஒருவர் மட்டும் இருந்ததில்லை. சங்கத் தொகை நூல்களில் 59 பாடல்கள் பாடிய ஔவை வேறு. ஆத்திசூடி ஔவை பல நூற்றாண்டுகள் பிந்தியவர். முன்னவர் அதியமானோடு சமமாக அமர்ந்து கள்ளருந்திய பாணர் மரபுப் புலவர். திண்ணைக்கு வந்து சேர்ந்தவர் பின்னவர். காலப்போக்கில் நரைத்த பாட்டியாக, ஆசையும் உறவும் கடந்தவராக அவரை வரைந்துகொண்டோம். வயதைக் கழித்துவிட்டால்தான் ஒரு பெண்ணை ஆசிரியராக ஏற்க முடிந்தது போலும்.

பாடம் நடந்த முறையையும் பார்க்க வேண்டும். மணலில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வார்கள். ஓலையில் எழுதுவது பிற்பாடுதான். வாத்தியார் சொல்ல, அல்லது சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். ஆத்திசூடி இதற்கென்றே செய்தது போன்ற நூல். நெடுங்கணக்கு வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வரி. வரிக்கு இரண்டு மூன்று சொற்கள். எழுத்தை நினைத்தால் வரி வரும், வரியைச் சொன்னால் அடுத்த எழுத்து வரும். அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் பிள்ளையின் நாக்கே புத்தகம். பிள்ளைகளைப் பாடத்துக்குள் இழுக்கப் பாட்டைவிட நல்ல வழி இல்லை என்பது அந்த வாத்தியார்களுக்குத் தெரிந்திருந்தது. பொருள் பிறகு புரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. பொருள் புரியும் வயதுக்குள் வரி உடம்பில் ஊறிவிடும். அதன்பின் அதைக் கேள்வி கேட்பது கடினம்.

அந்தத் திண்ணையில் யார் இருந்தார்கள் என்பதற்கு ஓர் அரசுக் கணக்கு உண்டு. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண்கள் 4,540. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 1826இல் மன்றோ எழுதிய குறிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி, ஆனால் பெண்கள் மிகச் சிலரே படிப்பதால் ஐந்நூறு பேருக்கு ஒரு பள்ளி என்று கொள்ளலாம். பெண்களைக் கழித்துவிட்டால் கல்வி இரு மடங்காகிவிடுகிறது!

காரணத்தையும் அவர் எழுதினார். எழுத்தறிவு பெண்ணின் அடக்கத்துக்குப் பொருந்தாது, அது ஆடல் மகளிருக்கே உரியது என்று இங்குள்ளவர்கள் கருதுகிறார்கள் என்று. பள்ளிக்கு வந்த சிறுமிகளில் பலர் கோயில் ஆடல் மரபைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கலெக்டர்களின் அறிக்கைகளும் சொல்கின்றன. திண்ணை என்பது ஒருவர் வீட்டின் பகுதி. அதில் யார் ஏறலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. ஏறக்கூடிய சாதியிலும் மகன் ஏறினான், மகள் உள்ளே இருந்தாள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆத்திசூடியைத் திரும்பப் படித்தால் சில வரிகள் வேறு மாதிரி கேட்கின்றன. 'தை' எழுத்துக்குரிய வரி, பெண்ணின் பேச்சைக் கேட்காதே என்கிறது. 'மெ' எழுத்துக்குரியது, மனைவியோடு சேர்ந்து வாழச் சொல்கிறது. 'மை' எழுத்துக்குரியது, விலைமகளிர் வீட்டை விட்டு விலகு என்கிறது. மூன்றும் யாரிடம் பேசுகின்றன? ஓர் ஆண்பிள்ளையிடம். அவன் எதிரே இருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டே நூல் பேசுகிறது. எழுத்தறிந்த பெண் என்றாலே ஆடல் மகள் என்று நினைத்த ஊரில், அவள் வீட்டுப் பக்கம் போகாதே என்பதும் எழுத்தறிவோடு சேர்த்தே புகட்டப்பட்டது. கொன்றை வேந்தனில் 'பே' எழுத்துக்குரிய வரியோ, அறியாமையே மாதருக்கு நகை என்கிறது.

அப்படியானால் ஒரு சிறுமி இதை மனப்பாடம் செய்யும்போது என்ன நடக்கிறது? தன் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று தன் வாயாலேயே, தன் இனத்துப் புலவர் ஒருவர் பெயரால், அவள் சொல்கிறாள்.

பெண்கள் பள்ளிக்குள் வரத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பெண் கல்விக்காக வாதாடிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பெண்களுக்கென்றே 'பெண்மதி மாலை' எழுதினார். பாட்டுதான் பெண்களைச் சென்றடையும் என்பதை அவர் சரியாகவே கணித்தார். ஆனால் அந்தப் பாட்டிலும் பெரும்பங்கு நல்லொழுக்க அறிவுரைக்கே. உரைகாரர்களோ ஔவையின் வரிகளுக்குச் சமாதானம் தேடினார்கள்: பெண் என்றால் இங்கே மனைவி, கேட்காதே என்றால் ஆராயாமல் கேட்காதே, அறியாமை என்றால் அறிந்தும் அறியாதவள்போல் அடக்கமாக இருப்பது. உரை நீண்டதே தவிர வரி மாறவில்லை. பிள்ளையின் நாக்கில் நின்றது வரிதான், உரை அல்ல.

வரியையே மாற்றியவர் பாரதி. 1905இல் தொடங்கிய 'சக்கரவர்த்தினி' என்ற மாதர் இதழின் ஆசிரியராக இருந்த அவர், பின்னாளில் புதிய ஆத்திசூடி எழுதினார். ஔவையின் வடிவம் அப்படியே இருக்கிறது: அதே அகரவரிசை, அதே சிறிய கட்டளை வரி. 'தை' எழுத்துக்கு வந்ததும் கட்டளை தலைகீழாகிறது. பெண்ணை உயர்த்து என்கிறார். பழைய வரியை அவர் வாதிட்டு மறுக்கவில்லை, அது இருந்த இடத்தில் வேறொன்றை உட்கார வைத்தார். அப்போதும் கட்டளை பெறுபவன் ஆண்தான். உயர்த்தப்பட வேண்டியவளாகவே பெண் நிற்கிறாள். அவளிடம் நேராகப் பேசும் 'தை' இன்னும் எழுதப்பட வேண்டியிருந்தது.

ஔவையின் பெயரை வேறு வழியில் மீட்டவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்களுக்கான மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912இல் மருத்துவரானார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். 1930களின் தொடக்கத்தில், போக்கிடமில்லாத சிறுமிகளுக்காக அடையாற்றில் தம் வீட்டிலேயே ஓர் இல்லம் தொடங்கி, அதற்கு ஔவை இல்லம் என்று பெயரிட்டார். எந்த வீட்டுப் பெண்ணை விட்டு விலகு என்று செய்யுள் சொன்னதோ, அந்த வீட்டிலிருந்து வந்த சிறுமிகளும் ஔவையின் பெயர் கொண்ட வீட்டில் உட்கார்ந்து படித்தார்கள். பொட்டுக்கட்டுதல் ஒழிந்ததோடு அந்தப் பெண்களிடம் இருந்த கலையும் கல்வியும் சொத்துரிமையும் கைநழுவின என்ற விமர்சனம் பெண்ணிய வரலாற்றில் உண்டு. அதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இன்றைய பாடநூல்களில் ஆத்திசூடியின் தேர்ந்த வரிகள் மட்டுமே இருக்கின்றன. சங்கடமான வரிகள் சத்தமில்லாமல் விடப்படுகின்றன. சிறு பிள்ளைகளுக்கு அது சரி. கல்லூரி வகுப்பிலும் மேல்வகுப்பிலும் அந்த வரிகள் திரும்ப வரவேண்டும் என்பது என் வாதம். மறைத்த வரி மறைந்துபோவதில்லை. வீட்டில் பாட்டி வாயிலாகவும் ஊரில் பழமொழி வாயிலாகவும் அது புழங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

வகுப்பில் இதைச் செய்ய அதிகம் வேண்டாம். இரண்டு 'தை' வரிகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதலாம். பேசுவது யார், கேட்பது யார் என்று கேட்கலாம். மன்றோவின் 4,540ஐ அதன் கீழே எழுதலாம். பிறகு ஆளுக்கோர் எழுத்தைக் கொடுத்து, இரண்டு மூன்று சொல்லில் ஒரு கட்டளை எழுதச் சொல்லலாம். 'தை' எழுத்தும் 'பே' எழுத்தும் மாணவிகளுக்கே போகட்டும். மணலில் விரல் வைத்த பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுத்தந்த அதே வடிவம் இது. இந்த முறை வரியை எழுதுபவளும் அதைச் சொல்பவளும் ஒருத்தியே.