காம்புக் கவசத்தின் கதை: ஈயத்திலிருந்து சிலிக்கோன் வரை

குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் தானாகச் சுரக்கும், குழந்தையும் தானாகக் குடித்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் சில நாட்கள் பல தாய்மார்களுக்குப் பெரிய போராட்டம். மார்புக் காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்தால் குழந்தையின் வாய்க்கு எளிதில் பிடிபடாது. சரியாகக் கவ்வாத குழந்தை காம்பின் நுனியை மட்டும் சப்பும். காம்பு வெடிக்கும், ரத்தம் கசியும். குழந்தை பசித்து அழும் ஒவ்வொரு முறையும் தாய்க்குக் கண்ணீர்தான்.

இந்த வலிக்கு மனிதர்கள் கண்டுபிடித்த தீர்வுகளில் ஒன்றுதான் காம்புக் கவசம். இன்று மருந்துக்கடைகளில் நிப்பிள் ஷீல்ட் என்று கேட்டால் மெல்லிய சிலிக்கோனில் செய்த, சிறிய தொப்பி போன்ற ஒரு பொருளைத் தருவார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்தத் தொப்பிக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் குழந்தைகளின் மரணமும் இருக்கிறது!

பிரச்சினை எங்கே தொடங்கியது?

சீம்பால் கெட்டது என்ற நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், பிரசவித்த தாயின் முதல் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதினார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதையே பின்பற்றினார்கள். இதனால் என்ன ஆகும்? சில நாட்கள் பால் எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிடும், காம்பு இன்னும் தட்டையாகிவிடும். அதன் பிறகு குழந்தையை வைத்தால் அது எப்படிக் கவ்வும்?

1748-ல் வில்லியம் காடோகன் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய சிறு நூல் இந்தப் பழக்கத்தை எதிர்த்தது. குழந்தையைச் சீக்கிரமே தாயிடம் பால் குடிக்க விட வேண்டும் என்றார் அவர். 1773-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் வைட் இன்னொரு காரணத்தையும் சொன்னார். அந்தக் காலத்துப் பெண்கள் சிறு வயதிலிருந்தே அணிந்த இறுக்கமான உள்ளுடுப்பு காம்பை அழுத்தி உள்ளே தள்ளிவிடுகிறது என்பது அவருடைய வாதம். அதாவது, இயற்கையின் குறை என்று நினைத்ததில் ஒரு பங்கு, மனிதர்களின் பழக்கம் உண்டாக்கிய குறைதான்.

பழக்கத்தை மாற்றுவது கடினம், பொருளை விற்பது சுலபம். எனவே சந்தையில் கவசங்கள் பெருகின.

இரண்டு வகைக் கவசங்கள்

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு வகைக் கவசம் பால் கொடுக்கும்போது அணிவது. குழந்தை அதன் வழியாகவே பால் குடிக்கும். இன்னொரு வகை, பால் கொடுக்காத நேரத்தில் அணிவது. புண்ணான காம்பில் துணி உரசாமல் அது காப்பாற்றும், கசியும் பால் உடையை நனைக்காமலும் தடுக்கும்.

வெள்ளி, தந்தம், எலும்பு, கொம்பு, மரம், கண்ணாடி, பியூட்டர் என்ற உலோகக் கலவை, ஈயம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் இவை செய்யப்பட்டன. குழந்தை உறிஞ்சுவதற்கான நுனியாக, பதப்படுத்திய பசுவின் காம்பையே பொருத்தி விற்றதும் உண்டு! வெள்ளியும் தந்தமும் வசதியானவர்களுக்கு. ஈயமோ விலை மலிவு. மென்மையான உலோகம் என்பதால் அச்சில் வார்ப்பதும் வளைப்பதும் எளிது.

ஈயத்துக்கு இன்னொரு நற்பெயரும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த தாமஸ் கூலார் என்ற அறுவை மருத்துவர், ஈயத்திலிருந்து தயாரித்த ஒரு கரைசலைத் தோல் வீக்கங்களுக்கும் புண்களுக்கும் மருந்தாகப் பிரபலப்படுத்தினார். அது ஐரோப்பா முழுவதும் பரவியது. ஈயம் புண்ணை ஆற்றும் என்று மருத்துவர்களே நம்பிய காலத்தில், ஈயத் தொப்பியைப் பற்றித் தாய்மார்கள் சந்தேகப்பட என்ன காரணம் இருந்திருக்க முடியும்?

19-ஆம் நூற்றாண்டு லண்டனில் வான்ஸ்பரோ என்ற பெயரில் உலோகக் காம்புக் கவசங்கள் விளம்பரம் செய்து விற்கப்பட்டன. மருத்துவரின் பெயர், அழகான பெட்டி, காம்புப் புண்ணைக் குணப்படுத்தும் என்ற வாக்குறுதி. அந்த உலோகம் ஈயம்.

இனிப்பான விஷம்

ஈயக் கவசத்துக்குள் கசியும் பால் அங்கேயே தேங்கி நிற்கும். உடல் சூட்டில் அது புளிக்கும். புளித்த பாலில் உள்ள அமிலம் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அடுத்த முறை குழந்தை பசித்து அழும்போது தாய் கவசத்தை எடுத்துவிட்டுக் குழந்தையை வைப்பாள். காம்பில் ஒட்டியிருக்கும் ஈயம் நேராகக் குழந்தையின் வயிற்றுக்குப் போகும். ஈய உப்புகள் சில இனிப்பாக இருக்கும் என்பதால், ருசியை வைத்தும் ஆபத்தை உணர முடியாது.

உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் உறிஞ்சுவதைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சக்கூடும். அது வளரும் மூளையைத் தாக்கும். வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று முற்றி மரணத்தில் முடியும். இந்த அறிகுறிகள் மூளைக்காய்ச்சல் போலவே இருப்பதால் உண்மைக் காரணம் எளிதில் மறைந்துவிடும்.

இதே புதிர் ஜப்பானிலும் இருந்தது. அங்கே பால்குடிக் குழந்தைகள் பலருக்கு மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோய் வந்துகொண்டிருந்தது. 1923-ல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் இகுதாரோ ஹிராய் காரணத்தைக் கண்டுபிடித்தார். தாய்மார்கள் பூசிக்கொண்ட வெள்ளைப் பவுடரில் ஈயம் இருந்தது. தாயின் தோலில் இருப்பது குழந்தையின் வாய்க்குப் போகும் என்ற எளிய உண்மை அப்போது நிரூபணமானது. ஈயக் கவசத்தின் கதையும் இதுவேதான். 1939-லும்கூட, ஈயக் காம்புக் கவசத்தை நீண்ட நாள் பயன்படுத்தியதால் ஒரு குழந்தை இறந்ததை அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது.

வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அமெரிக்காவின் 1906-ஆம் ஆண்டு உணவு மருந்துச் சட்டம் மருத்துவ சாதனங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. 1937-ல் ஒரு திரவ மருந்தைக் குடித்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, 1938-ல் வந்த சட்டத்தில்தான் சாதனங்களும் அழகுப் பொருட்களும் சேர்க்கப்பட்டன. "வாங்குபவரே, எச்சரிக்கை" என்பது வணிகச் சட்டத்தின் பழைய விதி. ஆனால் இங்கே வாங்கியவர் தாய், விலை கொடுத்தது குழந்தை. அந்தக் குழந்தை எப்படி எச்சரிக்கையாக இருக்க முடியும்?

ரப்பர் வந்தது, பால் குறைந்தது

1844-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே, 1845-ல், எலைஜா பிராட் என்பவர் ரப்பர் பால் காம்புக்குக் காப்புரிமை வாங்கினார். கவசங்களும் ரப்பருக்கு மாறின. விஷம் போனது. ஆனால் தடித்த ரப்பருக்கு வேறொரு குறை இருந்தது.

தாய்ப்பால் தேவை-அளிப்பு விதிப்படி இயங்குவது. குழந்தை எவ்வளவு எடுக்கிறதோ அதற்கேற்பத்தான் சுரக்கும். இடையில் தடித்த சுவர் இருந்தால் குழந்தைக்குப் பாலும் குறையும், நாளடைவில் சுரப்பும் குறையும். 1980-ல் வூல்ரிட்ஜ் குழுவினர் இங்கிலாந்தில் இதை அளந்து பார்த்தார்கள். மெக்சிகோ தொப்பி என்று அழைக்கப்பட்ட பழைய வகைக் கவசம் குழந்தைக்குக் கிடைக்கும் பாலை 58 சதவீதம் குறைத்தது. மெல்லிய லேடெக்ஸ் கவசம் 22 சதவீதம் குறைத்தது. வலிக்கு மருந்தாக வந்த பொருள் பசிக்குக் காரணமாகிவிட்டது! பாலூட்டல் ஆலோசகர்கள் பலர் கவசம் என்றாலே முகம் சுளித்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

சிலிக்கோன் எழுதிய புதிய அத்தியாயம்

பிறகு வந்த மிக மெல்லிய சிலிக்கோன் கவசங்கள் நிலைமையை மாற்றின. 2000-ஆம் ஆண்டில் பவுலா மையரும் சக ஆய்வாளர்களும் குறைமாதத்தில் பிறந்த 34 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கவசம் இல்லாமல் ஒரு முறைக்குச் சராசரியாக 3.9 மில்லி பால் குடித்த குழந்தைகள், கவசத்துடன் 18.4 மில்லி குடித்தார்கள். குறைமாதக் குழந்தைக்குக் காம்பை வாயில் பிடித்து வைத்துக்கொள்ளும் பலம் போதாது. கவசம் அந்த வேலையைச் செய்துகொடுத்தது. முன்பு பாலைக் குறைத்த அதே பொருள், வேறு குழந்தைக்கு, வேறு வடிவத்தில், பாலைக் கூட்டியது.

அதற்காக இது எல்லோருக்கும் தேவை என்று அர்த்தமில்லை. குழந்தையைப் பிடிக்கும் விதத்தையும் கவ்வும் விதத்தையும் திருத்தினாலே பெரும்பாலான காம்பு வலி தீர்ந்துவிடும். கவசம் அணிவதாக இருந்தால், பழக்கமுள்ள செவிலியர் அல்லது மருத்துவரின் மேற்பார்வையில், குழந்தையின் எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே அணிய வேண்டும். குழந்தை தானாகக் கவ்வப் பழகியதும் விட்டுவிட வேண்டும். இது ஊன்றுகோல் மாதிரி. கால் தேறும் வரைக்கும்தான்.

நானூறு ஆண்டுகளாகத் தாய்மார்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வலிக்காமல் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கிடைத்தது சில நேரம் உதவி, சில நேரம் விஷம். எது எது என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கவில்லை. ஒருவர் எடை போட்டு, அளந்து, கணக்குப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. குழந்தையின் வாய்க்குள் போகும் எந்தப் பொருளுக்கும் அந்தக் கணக்கு முதலில் வர வேண்டும், விற்பனை அதன் பிறகுதான்.