வாய்பாடும் கொடியும்



சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா செல்லும் பெருவழியில் அமைந்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற அவ்வூர், 1997-இல் தோன்றிய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அப்பெயரைக் கணிப்பொறி எவ்வாறு தேடிக் காண்கிறது என்னும் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

யாப்பிலே தேமா என்னும் ஒரு வாய்பாடு எண்ணற்ற சீர்களுக்குப் பொருந்துவதை நாம் அறிவோம். அதுபோலவே, குறிகளின் தொடர்களை வாய்பாட்டால் சுட்டும் முறை ஒன்றை ஸ்டீபன் கிளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1956-இல் வெளியிட்டார். 1968-இல் கென் தாம்சன் அதனைக் கொண்டு சொற்களைத் தேடும் வழியை வகுத்தார். 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று இன்று வழங்குவது இதுவே. வாய்பாட்டின் புறத்தே நின்று, எப்படிப் பொருத்துவது என்று ஏவும் ஓரெழுத்துக் குறிகளும் பின்னர் வந்து சேர்ந்தன. அவற்றை 'ஃபிளாக்', அதாவது கொடி என்பர்.

வாய்பாடு ஒன்றே ஆயினும், கொடி மாறினால் விடை மாறும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை ஒருவர் பெரிய எழுத்திலும் மற்றொருவர் சிறிய எழுத்திலும் பொறித்திருக்கலாம். அவ்வேற்றுமையைப் பாராட்டாதே என்று ஏவுவது 'ஐ' என்னும் கொடி. தமிழிலோ அப்பாகுபாடே இல்லை. ஆகவே அக்கொடியால் தமிழ்ச் சொல்லுக்குப் பயனில்லை.

நமக்குரிய இடர் வேறு. கும்மிடிப்பூண்டி என்பதில் நாம் காண்பவை 8 எழுத்துக்கள். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் 'கு' என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு; 'ம்' என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு. இவ்வாறு எண்ணினால் மொத்தம் 16. பைதான் மொழியோடு வரும் தேடற்கருவியில், சொல்லெழுத்தைக் குறிக்கும் வாய்பாடு இக்குறிகளைச் சொல்லின் உறுப்பாக ஏற்பதில்லை. ஊர்ப்பெயர் எட்டுத் துண்டாகச் சிதறிவிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015-இல் 'யு' என்னும் கொடி வந்தது. அக்கொடியை நாட்டிய வாய்பாட்டில், எழுத்து என்றும் சார்ந்துவரும் குறி என்றும் யூனிகோடு வகுத்த இனங்களைப் பெயர்சொல்லி அழைக்க 2018-இல் வழி பிறந்தது. இரண்டினத்தையும் சேர்த்துக் கேட்டால் கும்மிடிப்பூண்டி சிதையாமல் கிடைக்கும். கொடியை மறந்தாலோ, அதே வாய்பாடு பிழை என்றுகூடச் சொல்லாது. தமிழ் ஏட்டில் ஒன்றுமே இல்லை என்று வாளா இருந்துவிடும்.

இதனை நான் சிறு நுட்பமாகக் கருதவில்லை. நிலப் பதிவேட்டிலோ வாக்காளர் பட்டியலிலோ ஒரு பெயரைத் தேடும்போது, 'இல்லை' என்னும் ஒரு சொல்லால் ஒருவருடைய உரிமையே மறுக்கப்படக்கூடும். பெயர் ஏட்டில் இல்லையா, தேடியவர் கொடியை நாட்டவில்லையா என்று ஒருமுறை கேட்டுத் தெளிந்த பின்னரே அந்த விடையை நாம் ஏற்கவேண்டும்.