கலைத் திறனாய்வும் புள்ளிக் கணக்கும்

ஒரு நூலையோ ஓவியத்தையோ திரைப்படத்தையோ மதிப்பிடுமிடத்து, அதன் தகுதியைப் பத்துக்கு இத்தனை, நூற்றுக்கு இத்தனை என எண்ணாற் கூறுவது இன்று உலகெங்கும் வழக்காகிவிட்டது. மதிப்புரையைப் படிக்கப் பொழுதில்லாதவர் அதன் தலையிலோ அடியிலோ நிற்கும் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வருகின்றனர். இவ்வெண்ணுக்கு உண்மையான பொருள் ஏதும் உண்டா? உண்டு என்பார் அதனை நிறைகோலுக்கும் வெப்பமானிக்கும் ஒப்பிடுவர். இல்லை என்பார் கலை அவரவர் சுவையைப் பொறுத்தது, அதனை அளத்தல் இயலாது என்று கூறி ஒதுங்கிவிடுவர். இரு சாராரும் வினாவை வரலாற்றினின்றும் பிரித்து வானத்தில் தொங்கவிடுகின்றனர் என்பது எமது கருத்து. புள்ளியிடும் வழக்கத்துக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. அதனை வளர்த்த தேவைகளும் உண்டு. அவற்றை அறிந்த பின்னரே அதன் பொருள்பற்றிப் பேசுதல் தகும்.

1708 ஆம் ஆண்டு பரிஸ் நகரில் ரோஜே த பீல் என்னும் திறனாய்வாளர் ஓவியக் கோட்பாடுகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதன் இறுதியில் ‘ஓவியர் துலாக்கோல்’ என்னும் பெயருடன் ஓர் அட்டவணை இடம்பெற்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியர் பெயர்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு நிரல்கள்: அமைப்பு, வரைவு, வண்ணம் என்பன முதல் மூன்று, நான்காவது மாந்தரின் உள்ளத்துணர்வைப் புறத்தே காட்டும் திறன். தொல்காப்பியர் வழங்கிய சொல்லைக் கடன்பெற்று அதனை மெய்ப்பாடு எனலாம். ஒவ்வொரு நிரலுக்கும் உச்ச எல்லை 20. ஆயின் 20 என்பது எவரும் முற்றாக அறியாத பூரண நிறைவு. 19 என்பது அறிவுக்கு எட்டியும் எவர் கைக்கும் எட்டாத நிலை. ஆதலின் மனிதர் பெற்ற மிக உயர்ந்த புள்ளி 18 என்று த பீல் வகுத்தார்.

அவர் இட்ட புள்ளிகள் சிலவற்றை நோக்குவோம். ரபேலுக்கு அமைப்பில் 17, வரைவில் 18, வண்ணத்தில் 12, மெய்ப்பாட்டில் 18. ரூபென்சுக்கு அதே வரிசையில் 18, 13, 17, 17. ரெம்பிரான்டுக்கு 15, 6, 17, 12. மைக்கலாஞ்சலோவுக்கு 8, 17, 4, 8. கரவாஜியோவுக்கு 6, 6, 16, 0. பிரெஞ்சு அரசவையின் தலைமை ஓவியராக இருந்த லெ ப்ரனுக்கோ 16, 16, 8, 16.

த பீல் இவற்றைக் கூட்டவில்லை. நாம் கூட்டிப் பார்ப்போமாயின் ரபேலும் ரூபென்சும் தலைக்கு 65 பெற்றுச் சமமாக நிற்பர், லெ ப்ரன் 56 பெறுவார், ரெம்பிரான்ட் 50, மைக்கலாஞ்சலோ 37, கரவாஜியோ 28. 1675 இல் மறைந்த வெர்மீரின் பெயர் அட்டவணையில் எங்கும் இல்லை. அரசவை ஓவியர் லெ ப்ரன் மைக்கலாஞ்சலோவிலும் மிக உயர்ந்தவர் என்னும் இம்முடிவை இன்று ஏற்பார் மிகச் சிலரே. இதனைக் கண்டு நகைத்துவிட்டுப் போவது எளிது. அவ்வெண்கள் எங்ஙனம் பிறந்தன என்று வினவுவதே பயன் தருவது.

பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் 1648 இல் நிறுவப்பட்டது. அதுவரை ஓவியர் கைவினைஞர் சங்கங்களின் கட்டுப்பாட்டில் இருந்தனர். சமூகத்தின் கண்ணில் அவர்களும் தச்சர் கொல்லரைப் போன்ற கைத்தொழிலாளரே. அந்நிலையினின்றும் தம்மை உயர்த்திக்கொள்ள விரும்பியோர், ஓவியம் கையின் தொழிலன்று, அறிவின் தொழில் என நிறுவ முற்பட்டனர். அதற்கு அவர்களுக்குத் துணையாயிற்று வரைவு. கோடு அறிவுக்குரியது, வண்ணம் வெறும் புலனின்பத்துக்குரியது என அவர்கள் வாதிட்டனர். வண்ணமே முதன்மையாயின் வண்ணம் அரைக்கும் வேலையாளும் ஓவியனும் ஒரே வரிசையில் நிற்க நேரும் என்ற கருத்துப்பட 1672 இல் லெ ப்ரன் பேசினார். கலைக்கோட்பாடு போலத் தோன்றும் இக்கூற்றின் அடியில் வர்க்க அச்சம் ஒன்று ஒளிந்திருத்தலை நாம் காணாதிருத்தல் இயலாது.

இப்பூசலில் த பீல் வண்ணத்தின் பக்கம் நின்றவர். ரபேலையும் பூசேனையும் தலைமேற் கொண்ட கழகத்தாருக்கு எதிரே ரூபென்சை உயர்த்திப் பிடித்தவர். ரிஷ்லியூ கோமகன் ரூபென்சின் ஓவியங்களைத் திரட்டியபோது அவருக்கு ஆலோசனை கூறியவரும் இவரே. எனவே ரபேலின் எண்களுக்குச் சமமாக நிற்குமாறு ரூபென்சின் எண்கள் அமைந்தமை தற்செயலன்று. முப்பது ஆண்டுகளாக அவர் சொற்களால் நடத்திய வழக்கைத் துலாக்கோல் எண்களால் நடத்துகின்றது. சொல்லை மறுப்பதற்குப் பலர் முன்வருவர். எண்ணின் முன்னோ பெரும்பாலோர் வாய்மூடி நிற்பர். எண்ணுக்குள்ள இவ்வாற்றல் அன்றே புலப்பட்டுவிட்டது.

இனிக் கரவாஜியோ மெய்ப்பாட்டிற் பெற்ற சுழியத்துக்கு வருவோம். உரோம நகரத்துத் தேவாலயம் ஒன்றுக்காக அவர் ‘கன்னி மரியாளின் மரணம்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அதில் மரியாள் விண்ணுலகப் பேரொளியுடன் தோன்றவில்லை. ஏழை வீடொன்றில், வீங்கிய உடலும் வெறுங்காலுமாகக் கிடக்கும் சாதாரணப் பெண்ணாகவே தோன்றுகின்றாள். சூழ நிற்கும் சீடர்கள் துயரால் தலைகவிழ்ந்துள்ளனர். முன்னே ஒரு பெண் குனிந்து முகம் புதைத்து அழுகின்றாள். தேவாலயத்தார் இதனை ஏற்க மறுத்தனர். 1607 இல் இவ்வோவியத்தை வாங்குமாறு மாந்துவா கோமகனுக்குப் பரிந்துரைத்தவர் யார்? த பீலின் அட்டவணையில் 65 பெற்று நிற்கும் அதே ரூபென்ஸ்! பின்னர் அது இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ள்ஸின் கைக்குச் சென்று, 1671 இல் பதினான்காம் லூயி மன்னனின் சேகரிப்பை அடைந்தது. இன்று லூவர் அரும்பொருளகத்தில் உள்ளது.

துலாக்கோலில் உச்சம் பெற்றவர் பெரிதும் மதித்த கலைஞனுக்கு, அத்துலாக்கோல் மெய்ப்பாட்டில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பளிக்கின்றது. சுழியம் பெற்றவர் கரவாஜியோ மட்டுமல்லர். பெல்லினிக்கும் அதே கதிதான். எனினும் கரவாஜியோவின் சுழியத்திலே ஒரு காலத்தின் பார்வை முழுமையும் அடங்கியுள்ளது என்போம். மெய்ப்பாடு என்பது வீரர், புனிதர், அரசர் ஆகியோரின் கம்பீரமான உணர்வே என்று கொண்ட கண்ணுக்கு, தெருவில் நடந்து அழுக்கேறிய காலையுடைய மாந்தரின் அழுகை மெய்ப்பாடாகத் தோன்றாது. ஆகவே அச்சுழியம் கரவாஜியோவை அளக்கவில்லை. அவரை நோக்கிய கண்ணின் எல்லையையே அளந்து காட்டுகின்றது.

அங்ஙனமாயின் த பீலின் எண்கள் பொருளற்றவையா? அவ்வாறு கூறுதல் நேர்மையாகாது. பிற்காலப் பொருளியலாளர் அவற்றை நெடுங்கால ஏல விலைகளுடன் ஒப்பிட்டு, அவர் உயர்த்திய ஓவியர்கள் சந்தையிலும் பெரும்பாலும் உயர்ந்தே நின்றனர் எனக் காட்டியுள்ளனர். அவர் கண் கூர்மையானது என்பதற்கு இது சான்றாகலாம். அவர் போன்றோரின் தீர்ப்புகளே விலையை ஆக்கின என்பதற்கும் இதுவே சான்றாகலாம். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. த பீல் தம் பெயரை மறைக்கவில்லை. எவ்வெவ் பண்புக்கு எத்தனை புள்ளி என நிரல் நிரலாகப் பிரித்துக் காட்டினார். அட்டவணைக்கு முன்னே நூல் முழுவதிலும் தம் காரணங்களை விரித்துரைத்தார். பிறரைத் தம் கருத்துக்கு இழுப்பதற்கன்றித் தம் மகிழ்ச்சிக்காகவே இம்முயற்சியிற் புகுந்ததாகவும் கூறினார். நாம் இன்று அவரோடு வாதிட முடிகின்றதெனின் அதற்கு இவையே காரணம். மைக்கலாஞ்சலோவின் வண்ணத்துக்கு 4 ஏன் என்று நாம் கேட்கலாம். விடையை அவர் நூலிலே தேடலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. 1926 இல் மிஷெலின் என்னும் பிரெஞ்சு டயர் நிறுவனம் தன் பயண வழிகாட்டி நூலில் உணவகங்களுக்கு நட்சத்திரம் இடத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் படிநிலை வந்தது. இரு நட்சத்திரமாயின் வழிவிலகிச் செல்லத் தகும், மூன்றாயின் அதற்கெனவே பயணம் புறப்படத் தகும் என்பது அதன் விளக்கம். இங்கு நட்சத்திரத்துக்குத் தெளிவான பொருள் உண்டு: எத்தனை தூரம் வண்டி ஓட்டலாம் என்பதே அது. டயர் விற்போனுக்கு வேண்டிய அளவை அதுவேயன்றோ! 1928 இல் நியூ யோர்க்கின் ‘டெய்லி நியூஸ்’ நாளேடு திரைப்படங்களுக்கு நட்சத்திரம் இட்டது. நகரத் தொழிலாளியும் எழுதுவினைஞனும் வாரத்தில் ஓர் இரவு படம் பார்க்கச் செல்கின்றனர். எப்படத்துக்குக் காசு கொடுப்பது என்பது அவர்தம் நியாயமான கேள்வி. நட்சத்திரம் அதற்கு விடை தந்தது. ஆயின் த பீலின் நான்கு நிரல்களும் இங்கே ஒன்றாய்ச் சுருங்கிவிட்டன. எப்பண்புக்கு எத்தனை என்னும் கேள்விக்கு இடமில்லாது போயிற்று.

புள்ளியிடுவோர் தம்மோடு தாமே ஒத்துப்போகின்றனரா என்பது அடுத்த வினா. ஆசிரியர்களாகிய நாம் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். 1935 இல் ஹார்ட்டொக், றோட்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்தின் பரீட்சை முறைபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். முன்னரே ஒரே நடுத்தரப் புள்ளியைப் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை அனுபவமிக்க பரீட்சகர்களிடம் கொடுத்தனர். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அவர்களுள் 14 பேரிடம் மீண்டும் கொடுத்தனர். சித்தி, திறமைச் சித்தி, சித்தியின்மை என்னும் தீர்ப்புகளைப் பொறுத்தமட்டில், 210 தீர்ப்புகளில் 92 முன்னையவற்றினின்றும் மாறியிருந்தன. தாள் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, தீர்ப்பு மாறிற்று. 2008 இல் ஹொட்சன் என்பார் கலிபோர்னிய வைன் போட்டி நடுவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டுகின்றது. ஒரே போத்தலினின்றும் மும்முறை ஊற்றிக் கொடுத்த மதுவுக்கு ஒரே பதக்கத் தரத்துள் அடங்குமாறு புள்ளியிட்டோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. நூற்றுக்கு 86 என்றும் 87 என்றும் வேறுபடுத்திக் காட்டும் நுண்மை, அளப்போரிடத்து இல்லாத நுண்மை என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய எண்கள் பலவற்றைத் திரட்டிச் சராசரி கண்டால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்பர். கணிதம் அதனை ஓரளவுக்கு ஒப்பும். ஆயின் சராசரியில் ஆசிரியன் இல்லை, காரணமும் இல்லை. 2001 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘மெற்றாகிரிற்றிக்’ என்னும் இணையத்தளம் பல விமர்சகர்களின் தீர்ப்புகளை நூற்றுக்கு ஓர் எண்ணாக ஆக்கித் தந்தது. எவ்விதழுக்கு எத்தனை நிறை கொடுக்கப்படுகின்றது என்பதை அது வெளியிடுவதில்லை. 2010 இல் ஒப்சிடியன் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கிய ‘ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்’ என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. அச்சராசரி 85 ஐ அடைந்தால் மட்டுமே உருவாக்கிய நிறுவனத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு கிட்டும் என்பது ஒப்பந்தம். கிடைத்ததோ 84. ஒரு புள்ளியால் அக்கொடுப்பனவு கிட்டாது போனதை அந்நிறுவனத்தின் முன்னணி வடிவமைப்பாளர் ஒருவர் 2012 இல் வெளிப்படையாகக் கூறினார்.

இச்செய்தியை மேற்கூறிய ஆய்வுகளின் அருகே வைத்து நோக்குக. ஒரே மனிதன் ஒரே பொருளுக்கு இருமுறை இடும் புள்ளியே பல புள்ளிகளால் வேறுபடும். அத்தகைய கருவியின் ஒற்றைப் புள்ளி வேறுபாட்டில், பல மாதம் உழைத்தோரின் வருவாய் தங்கிநின்றது. இட்ட விமர்சகர் எவரும் இதனைக் கருதி இட்டவரல்லர். தம் வாசகனுக்கு ஒரு குறிப்பாகவே அவர் எண்ணை எழுதினார். அவ்வெண் அவர் கையை விட்டகன்று, முதலாளியின் ஒப்பந்தத்தில் ஒரு வாசகமாயிற்று. யாரிடம் முறையிடுவது? சராசரிக்கு முகமில்லை. த பீலின் சுழியத்தோடு நாம் முந்நூறு ஆண்டு கடந்தும் வாதிடுகின்றோம். 84 உடன் வாதிடுதற்கு ஆளில்லை.

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் முடிவு இதுவே. மதிப்புரையின் எண் கலைப்பொருளின் உள்ளே கிடக்கும் ஓர் அளவன்று. இன்னார், இன்ன அளவுகோலால், இன்ன தேவைக்காகக் கூறிய தீர்ப்பின் சுருக்கெழுத்து. அம்மூன்றும் அருகே இருக்குமளவும் அதற்குப் பொருள் உண்டு. அவை நீக்கப்படுமிடத்து எஞ்சுவது அதிகாரம் மட்டுமே.

எனவே, ‘எல்லாம் அவரவர் சுவை’ என்று கூறித் தப்பித்துக்கொள்வதும் தகாது. கலைக்குச் சமூகப் பொறுப்பு உண்டு எனக் கொள்வோர் தீர்ப்புக் கூறாதிருத்தல் இயலாது. இது நன்று, இது தீது, இது மக்களின் வாழ்வை மெய்யாகக் காட்டுகின்றது, இது மறைக்கின்றது என்று துணிந்து கூறல் வேண்டும். கூறும்போது காரணமும் உடன்வரல் வேண்டும். மாணவன் ஒருவனின் கட்டுரைத் தாளில் 47 என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தால், அவன் கற்பது தன் இடம் எது என்பதை மட்டுமே. ‘உன் வாதம் மூன்றாம் பந்தியில் முறிகின்றது, சான்று கூறவில்லை’ என ஒரு வரி எழுதினால் அவன் மறுத்துப் பேசவும் கூடும், நாம் எம் தீர்ப்பைத் திருத்தவும் நேரும். அதனால் எமது நேரமும் சிறிது பெருமையும் செலவாகும். அச்செலவை ஏற்க மறுப்போர் விமர்சகராயினும் ஆசிரியராயினும், கரவாஜியோவின் அழும் பெண்ணுக்குச் சுழியம் இடும் வாய்ப்பைத் தாமும் பெற்றுக்கொண்டவராவர். அதனைக் கண்டு திருத்த எவருக்கும் வழிவிடாதவருமாவர்.