முன்றில் மரமும் மன்றத்து மரமும்

வீட்டு முற்றத்தில் என்ன மரம் வைப்பது என்ற கேள்வி, நாற்றுப்பண்ணை வாசலில் நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் முடிவு கட்டிவிடும் சாமானிய விஷயமாக இன்று ஆகிவிட்டது. ஆனால் நம் நாட்டில் ஒவ்வொரு காலத்தவரும் அதற்கு அளித்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மனிதரின் ருசி மாறிய கதையைக் காட்டிலும், வீட்டின் அமைப்பும், அதைச் சுற்றியுள்ள நிலத்தின் அளவும், நிழல் யாருக்கு உரியது என்ற நியாயமும் மாறிவந்த கதையே அவற்றில் பெரிதாகத் தென்படுகிறது.

சங்க நூல்கள் காட்டும் ஊர்களில் மரங்களுக்கு இரண்டு இருப்பிடங்கள் இருந்தன. ஊரார் கூடி வழக்குத் தீர்க்கவும், ஓய்ந்த வேளையில் உட்கார்ந்து பேசவும், வழி நடந்து வந்த பாணர் சுமையை இறக்கி இளைப்பாறவும் ஏற்பட்ட மன்றத்தில் வேம்பும் ஆலும் போன்ற பெருமரங்கள் நின்றன. வீட்டுக்கு முன்னுள்ள முன்றிலிலோ, மலைநாட்டில் பலா, கடற்கரையில் புன்னை, மனையருகே நொச்சி என்று அந்தந்த நிலம் தானே தந்தவை நின்றன. பெருமரம் ஊருக்குச் சொந்தம். அரசனுக்கு உரியதாகக் கருதப்பட்ட காவல் மரங்கூட உண்மையில் ஒரு நாட்டின் மானத்துக்கு அடையாளமாக நின்றதேயன்றி எவருடைய தனி உடைமையும் அன்று. பழையன் என்ற மன்னனின் காவல் மரமான வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டி வீழ்த்திய செய்தி, ஒரு பெரிய வெற்றியாகப் பதிற்றுப்பத்தில் பேசப்படுவதற்குக் காரணம் அதுவே.

முன்றில் மரத்துக்கும் குடும்பத்துக்கும் இருந்த உறவோ வேறு வகையானது. நற்றிணையில் ஒரு பாட்டின் செய்தி இதற்குச் சாட்சி: சிறுமியாக இருந்தபோது தோழியரோடு விளையாடி மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைவிட்டு எழ, அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த பெண்ணிடம், அவள் தாய், அந்த மரம் உனக்குச் சகோதரி முறையாகும், உன்னைவிடச் சிறந்தது என்று சொல்லி வைத்திருந்தாளாம். பின்னாளில் காதலனோடு அதே மரத்தின் நிழலில் நின்று சிரித்துப் பேச அப்பெண் நாணுகிறாள். நெய்தல் நிலத்தில் உப்புக் காற்றையும் மணலையும் பொருட்படுத்தாமல் பசுமை மாறாது நிற்கும் மரம் புன்னை என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொண்டால், அந்த வீட்டார் மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, நிலமே அதைத் தேர்ந்துகொடுத்தது என்பது விளங்கும்.

தேர்ந்தெடுப்பதைச் சாஸ்திரமாக வகுத்தவர்கள் வடபுலத்தார். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில், தோட்டத்திலோ வீட்டிலோ முதலில் நடத்தக்க மங்கல விருட்சங்களாக வேம்பு, அசோகம், புன்னாகம், வாகை, பிரியங்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். முள்மரமும் பால்மரமும் பழமரமும் வீட்டை ஒட்டி நிற்பது ஆகாது என்று எச்சரிக்கும் அவர், முன்பே நிற்பதை வெட்ட மனமில்லாவிட்டால் வீட்டுக்கும் அதற்கும் இடையே நல்ல மரம் ஒன்றை வைத்துவிடலாம் என்று பரிகாரமும் சொல்லியிருப்பது, அந்தச் சாஸ்திரத்தின் உள்ளே ஒரு தயை இருந்ததைக் காட்டுகிறது. இவை எல்லாவற்றையும்விட நம் கவனத்துக்கு உரியது அவர் தரும் கணக்கு: மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருபது முழம் விடுவது உத்தமம், பதினாறு மத்திமம், பன்னிரண்டு அதமம். இருபது முழம் என்பது சுமார் 30 அடி. இந்த 30 அடியைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

நம் கிராமத்து வீடுகளில், எழுதிவைத்த சாஸ்திரத்தைவிட எழுதாத வழக்கமே பெரிதும் ஆட்சி செய்தது. திண்ணைக்கு எதிரே, வண்டி மாடு கட்டவும் கயிற்றுக் கட்டில் போடவும் தோதாக, வேம்போ புங்கமோ பூவரசோ நின்றது. கொல்லையில், கிணற்றடியிலிருந்து குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடிவரும் வாய்க்காலோரமாக வாழையும் தென்னையும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நின்றன. முருங்கையை வாசலில் வைக்கலாகாது என்றார்கள். வேதாளம் ஏறும் மரம் என்பது வாய்ச்சொல்லாக இருந்தாலும், லேசான காற்றுக்கே பட்டென்று முறியும் அதன் கிளையையும், பருவம் வந்தால் அடிமரம் முழுவதும் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சிகளையும் கண்டவர்களுக்கு வேறு காரணம் தேவைப்பட்டிராது. அரசும் ஆலும் வீட்டுக்கு ஆகா என்றார்கள். பறவை எச்சத்திலிருந்து சுவரிடுக்கில் விழுந்த ஒரு விதை, சில ஆண்டுகளில் கோபுரத்தையே பிளந்துவிடுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதனால் அரசைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, மேடை கட்டி, வேம்போடு கல்யாணமும் செய்து வைத்து, அடியில் நாகர் சிலைகளையும் பிரதிஷ்டை செய்து கௌரவித்தார்கள். மரத்தை அவமதிக்காமலே தூரத்தில் நிறுத்திவைக்கும் சாமர்த்தியம் இது.

வாசல் மரமாக வேம்பும் புங்கமும் தேர்ந்தெடுக்கப்பட்டதில் இருந்த நுட்பத்தை, ஒரு கோடை முழுவதும் அவற்றின் கீழே இருந்து பார்த்தவரே அறிவர். மாசிப் பின்பனியில் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும் பங்குனியில் இவை தளிர்த்து விடுகின்றன. புங்கத்தின் தளிர், முதலில் மெழுகு பூசினாற்போல் பளபளத்து, பிறகு வெளிர்பச்சையாகி, சித்திரை பிறக்கும்போது அடர்ந்த குடையாக விரிந்துவிடும். வேம்போ தளிரோடு பூவையும் சொரிந்து, வருஷப் பிறப்பன்று பச்சடிக்குப் பூத் தேடி எங்கும் போக வேண்டாதபடி வாசலையே வெள்ளையாக்கிவிடும். நிழல் அவசியமற்ற மாதத்தில் இலையை உதிர்த்து, அது இன்றியமையாத மாதத்துக்குள் மீண்டும் தழைக்கும் மரமே இவர்களுக்கு அழகிய மரம். பூவரசுக்கு இன்னொரு பெருமை உண்டு: பெரியவர்களுக்கு வேலிக்கும் வண்டிச் சாமானுக்கும் பயன்பட்ட அதன் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கிப் பீப்பீ ஊதாத பையன் அந்நாளில் கிராமத்தில் இருந்ததில்லை.

சென்னைப் பட்டணம் வளர்ந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டைக்குள் நெருக்கடி மிகுந்து, கும்பினி உத்தியோகஸ்தரும் வர்த்தகரும் எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு என்று வெளியே வந்து, பல ஏக்கர் நிலத்தின் நடுவே தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டனர். தெருவை ஒட்டித் திண்ணையோடு நின்ற வீட்டுக்குப் பதிலாக, நாற்புறமும் மதில் சூழ்ந்த காம்பவுண்டின் மத்தியில் ஒதுங்கி நிற்கும் பங்களா தோன்றியது. அதன் பயனாக, அதுவரை மன்றத்துக்கும் சாலைக்கும் உரியதாக இருந்த பெருமரம், வரலாற்றில் முதன்முறையாகப் பெருமளவில் தனி மனிதரின் மதிலுக்குள் புகுந்தது. 1882-இல் பிரம்மஞான சங்கத்தார் அடையாற்றில் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் அத்தகைய தோட்ட வீடுகளில் ஒன்று. அங்குள்ள புகழ்பெற்ற ஆலமரம் அந்த வீட்டைவிடப் பல தலைமுறை மூத்தது.

இத்தனை இடம் கைக்கு வந்தவுடன், அதில் நடுவதற்குப் பயனை மட்டுமன்றிக் காட்சியையும் கருதி மரம் தேடுவது இயல்பு. 1835-இல் சென்னையில் ஏற்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இந்தத் தேட்டத்துக்கு நடுநாயகமாக அமைந்தது. ஸ்காத்லாந்து வைத்தியரும் தாவரவியலாருமான ஹியூ கிளெக்ஹார்ன், பின்னாளில் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராவதற்கு முன்பே, 1853-இல் அச்சங்கத் தோட்டத்துச் செடிகொடிகளுக்கு ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். அந்த நூற்றாண்டில் கடல் கடந்து வந்து நம்மிடையே குடியேறியவற்றுள், மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த குல்மொகரும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமும் பிரதானமானவை. மேல்வானம் மங்கும்போது இலைகளை மடித்துக்கொண்டு, விடிந்தபின் விரிக்கும் தூங்குமூஞ்சி, நூறடி அகலத்துக்குக்கூடப் படரும் வல்லமை உடையது. தோட்ட வீட்டின் காம்பவுண்டில் அது அரசனைப்போல் வீற்றிருந்ததில் வியப்பில்லை. குல்மொகரோ நிழலுக்காக வந்ததன்று, நிறத்துக்காக வந்தது. பூக்கும் முன் கோடையில் மொட்டையாக நின்று, பிறகு தீப்பற்றினாற்போல் சிவந்து, கண்ணைக் கவர்ந்துகொள்ளும். அதற்கு நம் நாட்டிலேயே வாதநாராயணன் என்ற பங்காளி உண்டு. வாத நோய்க்கு இலை பறிக்கவும் வேலியோரம் வைக்கவும் அதை நெடுங்காலமாக வளர்த்தவர்கள், பங்காளியின் சிவப்பைக் கண்டபின் அதன் வெளிறிய பூவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்நிய மரம் என்பதனாலேயே குறை சொல்வது நியாயமாகாது. நாகலிங்கமும் ஈழத்தலரியும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவையே. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூத்து, படமெடுத்த நாகம் குடைபிடிக்கும் சிவலிங்கத்தை ஒவ்வொரு மலரிலும் காட்டும் நாகலிங்கத்தை நம்மவர் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பக்திக்கு அயல்நாட்டு மரம் என்ற பேதம் தோன்றவில்லை. கோயிலின் விசாலமான பிராகாரத்தில் அதற்கு இடமும் இருந்தது. பிறப்பிடத்தைவிட இடவசதியே ஒரு மரத்தின் தகுதியை நிச்சயிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1920-ஆம் ஆண்டின் நகர அமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, பழைய ஏரி நிலத்தில் தியாகராய நகர் உருவானது. அதைத் தொடர்ந்து புதுப் புது நகர்கள் எழுந்தன. பழைய தோட்ட வீடுகள் பலவும் கூறுபோடப்பட்டு மனைகளாயின. காம்பவுண்டு என்ற பங்களா வழக்கத்தை மட்டும் எல்லோரும் சுவீகரித்துக்கொண்டார்கள். பங்களாவின் ஏக்கர் நிலமோ எவருக்கும் வாய்க்கவில்லை. 1950-இல் கே. எம். முன்ஷி வனமகோற்சவத்தைத் தொடங்கி வைத்தபின் மரம் நடும் ஆர்வமும் பரவ, ஒரு காலத்தில் பூங்காவுக்கு உரியதாக இருந்த குல்மொகரும் இயல்வாகையும் சாமானியர் மதிலோரத்துக்கே வந்து சேர்ந்தன. பிறகு மனை சுருங்கி அரை கிரவுண்டானது. 30 அடிக்கு 40 அடி என்றால் 1200 சதுர அடி. வராகமிகிரர் ஒரு மரத்துக்கும் மறு மரத்துக்கும் நடுவே விடச் சொன்ன இருபது முழம், வீடும் கிணறும் வாகனமும் சேர்ந்து அடைத்துக்கொண்ட அந்த மனையின் முழு அகலம். இதற்கு ஈடாகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் தூண் போல் நிமிர்ந்து, கிளையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, மதிலோரம் வரிசை பிடித்து நிற்கும் நெட்டிலிங்கம். இடத்தை அது கேட்பதில்லை, நிழலைத் தருவதுமில்லை.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. தெருக்களை மறித்துக் கிடந்தவற்றுள் குல்மொகரும் இயல்வாகையும் மிகுதியாக இருந்ததை ஊரே பார்த்தது. மேலோட்டமான வேரும் எளிதில் முறியும் கட்டையும் ஒரு காரணம் என்றால், ஒரு பக்கம் மதிலின் அஸ்திவாரமும் மறுபக்கம் சிமெண்டுத் தளமும் நெருக்க, வேரோட இடமின்றி அவை நின்றது இன்னொரு காரணம். தோட்ட வீட்டுக்குத் தக்க மரத்தை அரை கிரவுண்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, விழுந்த பின் மரத்தைக் குற்றம் சொல்வது முறையல்ல.

ஆகையால், இன்று சிறு மனையில் வீடு கட்டுபவர், பெருமரத்தின் ஆசையை மதிலுக்குள் வைத்துக்கொள்ளாமல், பவழமல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை, நந்தியாவட்டை போன்ற, முன்றிலின் அளவறிந்த செடிமரங்களோடு திருப்தி அடைவதே விவேகம். வேம்பும் புங்கமும் வேண்டுமென்றால், அவற்றை மதிலுக்கு வெளியே தெருவோரத்தில், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்று என்ற கணக்கில், இருபது முழ இடைவெளி விட்டு, அடியைச் சுற்றிச் சிமெண்டு போடாமல் வைக்கலாம். தண்ணீர் ஊற்றும் முறையையும் இலை கூட்டும் முறையையும் பங்கிட்டுக்கொள்ளலாம். இலைக் குப்பை யார் வாசலில் விழுகிறது என்ற சண்டை நிச்சயம் வரும். மன்றத்து மரத்தடியில் தீர்த்துவைக்கப்பட்ட வழக்குகளும் அந்தத் தரத்தவையாகவே இருந்திருக்கும். பெருமரத்தைத் தனி மனிதர் மதிலுக்குள் அடைத்துவைத்த வழக்கம் நம்மிடையே இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான பழக்கமே. அதற்கு முந்தைய ஈராயிரம் ஆண்டுகளில் நிழல் ஊருடையதாகத்தான் இருந்தது.