அடியார் வரலாறு: உடன் எழுதியவர்கள்

தமிழில் அச்சேறிய முதல் நூல் எது என்ற வினாவுக்கு விடை சொல்ல இன்று பலருண்டு. கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் அச்சான, 16 பக்கங்களே கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ வினாடி வினாப் போட்டிகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மனிதர்களின் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லி அச்சேறிய முதல் தமிழ் நூல் எது என்று கேட்டால்தான் பலரும் தயங்குவர். 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ அது. ‘புளோஸ் சாங்தோரும்’ என்பது அதன் இலத்தீன் பெயர். ‘புனிதர்களின் மலர்’ எனப் பொருள்படும். 669 பக்கங்கள். அச்சுக்கலை இந்திய மண்ணில் கால்பதித்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் அது எத்தனை பெரிய முயற்சி என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நூல் யாருக்காக ஆக்கப்பட்டதோ அவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவர்கள். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று ஏழு துறைகளை வரிசையாகச் சொல்வது அக்கடற்கரையின் மரபு. அவ்வரிசையில் இரண்டாவதாக நிற்கும் வைப்பாரே இன்றைய கீழவைப்பார். 1530களின் நடுவில், முத்துச் சலாபத்தின் உரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கீசியரின் துணையை நாடிய இம்மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். மதம் மாறிய பின்பும் புதிய மதத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. வந்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது. கரையிலிருந்தவர்களுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. இந்த இடைவெளியில்தான் கூட்டு எழுத்து பிறக்கிறது.

1542இல் தூத்துக்குடி வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அரைகுறையாகவேனும் அறிந்த சிலரைத் திரட்டி, பல நாள் அவர்களோடு அமர்ந்து, செபங்களைத் தமிழில் ஆக்கிய செய்தியை 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவர்களில் எவரும் பண்டிதரல்லர். வணிகத்திலும் கப்பலிலும் பழகிய போர்த்துக்கீசியம்தான் அவர்களுடையது. அந்தக் கூட்டு வேலை எப்படி இடறியது என்பதற்கும் சான்றுண்டு. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்ற சொல் அமர்ந்துவிட்டது. ஊரூராக அதையே மனனம் செய்வித்த பின், 1544இல் தம் உடனூழியர் மன்சில்லாசுக்கு எழுதி அச்சொல்லை மாற்றச் செய்கிறார் சவேரியார். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் இடையே என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ‘எனக்கு இது உண்மை, இதை ஏற்கிறேன்’ என்று ஒருவர் கைகளால் விளக்கியிருப்பார். ‘ஓ, உங்களுக்கு இது வேண்டுமா’ என்று மற்றவர் புரிந்துகொண்டிருப்பார். மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் இந்தக் குழியைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

செபங்களை ஊரில் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கான ஊதியம் வந்த வழி சுவையானது. பரதவர்கள் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் செலுத்திவந்த 4,000 பணத்தைச் சவேரியார் இதற்குக் கேட்டுப் பெற்றார். கடலில் மூழ்கி எடுத்த முத்தின் காசு லிஸ்பன் அரண்மனைக்குச் சப்பாத்து வாங்கப் போகாமல் கரையிலேயே ஆசிரியர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

லிஸ்பனிலேயே 1554இல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. தமிழை உரோமன் எழுத்தில் தந்து, கூடவே போர்த்துக்கீசியப் பொருளும் தரும் செபநூல். அரசர் மூன்றாம் யோவானின் ஆதரவில் அதை ஆக்கியவர்கள் மூன்று தமிழர்கள்: வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா தெ குரூஸ். இவர்கள் முத்துக்குளித்துறையைச் சேர்ந்தவர்கள் என்பதே பொதுவான கருத்து. ஞானப்பெயர்கள் மட்டுமே நமக்கு மிஞ்சியுள்ளன. தாய்தந்தையர் இட்ட பெயர் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. ஆயினும் உடனுழைத்த தமிழரின் பெயர் அந்நூலோடு நிலைத்தது என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இனி அண்டிரிக் அடிகளாருக்கு வருவோம். என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற பெயரே கடற்கரை நாவில் அண்டிரிக் ஆயிற்று. 1520இல் போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத மரபில் வந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. 1545இல் இயேசு சபையில் சேர்ந்து மறு ஆண்டே கப்பலேறினார். பிறப்பைக் காட்டி விலக்கப்பட்ட ஒருவர், தம் வாழ்நாளில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் இக்கடற்கரையில் கழித்து, 1600இல் மறைந்தார். வைப்பாருக்கு வடக்கே அடுத்த துறையான வேம்பாரிலிருந்து 1548 அக்டோபர் 31ஆம் நாள் இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய கடிதம் தமிழ் கற்கும் முயற்சியைப் பேசுகிறது. தமிழின் வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் வைத்து அவர் எழுதிய இலக்கணம் கையெழுத்துப் படியாகவே லிஸ்பனில் கிடந்தது. 2013இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து ஆராய்ந்து ஹார்வர்டு வரிசையில் வெளியிட்டவர்கள் ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் என்னும் இருவர். ஒருவருக்குப் போர்த்துக்கீசியம், மற்றவருக்குத் தமிழ். நானூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நூலைப் படிக்க இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது!

அண்டிரிக் அடிகளாரைத் ‘தமிழ் அச்சின் தந்தை’ என்பார்கள். அது பாதி உண்மை என்பது என் கருத்து. அச்சகத்துக்கென 400 குருசாடோ திரட்டித் தந்தவர்கள் பரதவர்கள். எழுத்துகளை வார்த்தவர்கள் கோவாவில் யோவான் கொன்சால்வஸ், கொல்லத்தில் யோவான் பாரியா. தமிழாக்கத்தில் உடனிருந்தவர்களுள் பெயர் தெரிந்தவர் பேரோ லூயிஸ். கொல்லத்துப் பிராமணர், 1561இல் இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர். தம்பிரான் வணக்கத்தில் மனுவேல் தெ சான் பேத்ரோ என்ற குருவின் பெயரும் இணைந்து வருகிறது. இவர்களுக்கு அப்பால், சொல் சொல்லாகக் கேட்டுத் திருத்திய கணக்கப்பிள்ளைகளும் உபதேசிமாரும் எத்தனை பேரோ.

அடியார் வரலாற்றின் மொழியைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். செந்தமிழ்ப் புலவர் நடையன்று அது. வாய்மொழியின் சாயல் படிந்த உரைநடை. அக்கால ஏட்டுவழக்கத்தின்படி புள்ளியில்லை, எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடில்லை. எனவே இன்றைய கண்ணுக்கு முதலில் திகைப்பாக இருக்கும். உரக்கப் படித்தால் திகைப்பு குறையும். விழாநாட்களை ஒட்டிப் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் நூல் உரக்கப் படிப்பதற்கே ஆனது. எழுத்தறிந்தவர் ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத ஊர் கேட்டிருக்கும். புத்தகத்தில் படிந்த பேச்சு கரையின் பேச்சாகவே இருந்தாக வேண்டும். ஐம்பதாண்டு வாழ்ந்தாலும் ஓர் அயலார் அதைத் தனியே ஆக்கிவிட முடியாது.

அடியார்களின் வாழ்க்கையை வரிசைப்படுத்திச் சொல்வது தமிழருக்குப் புதிதன்று. சுந்தரர் பெயர்களைத் தொகுத்தார். நம்பியாண்டார் நம்பி குறிப்புகளைச் சேர்த்தார். சேக்கிழார் காப்பியமாக விரித்தார். நூற்றாண்டுகள் இடைவிட்டு மூவர் சேர்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு என்றே பெரியபுராணத்தைச் சொல்லலாம். மூவரையும் நாம் பெயர் சொல்லி நினைக்கிறோம். அதில் நாகைக் கடற்கரையின் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர் இருக்கிறார். வலையில் விழுந்த முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுபவர், பொன்மீனே வந்தபோதும் விட்டவர். ஒரு மீனவனின் வாழ்க்கை அடியார் வாழ்க்கையாக ஏற்கப்பட்டதற்கு அது சான்று.

1586 நூலைக் கேட்டிருந்த பரதவருக்கு, வலையை விட்டெழுந்து சென்ற கலிலேயா மீனவர் பேதுரு நெருங்கியவராகத் தோன்றியிருக்கக்கூடும். அவர்களுடைய சொந்த வாழ்க்கையோ அன்று எழுதத்தக்கதாக எவருக்கும் படவில்லை. பணம் அவர்களுடையது, பேச்சு அவர்களுடையது, கேட்கும் செவியும் அவர்களுடையது; கதை மட்டும் தொலைதேசத்தாருடையது. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை, அக்கால அளவுகோல் அது. நூலும் இன்று அண்டிரிக் அடிகளார் ஒருவர் பெயரால் மட்டுமே அறியப்படுகிறது. 1950களில் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் அதன் படியைக் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தார், 1967இல் சே. இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பாகத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதை மீண்டும் வெளியிட்டது. பிறந்த கரைக்கே நூல் திரும்பி வந்தது என்று மகிழலாம். உடன் எழுதியவர்கள் திரும்பி வரவில்லை.

நம் காலத்தில் நிலை மாறியிருக்கிறது. புதுச்சேரியை அடுத்த சிற்றூரின் தலித் வேளாண் கூலித் தொழிலாளி விரம்மா, தம் கதையை ஜோசியான் ராசினிடம் தமிழில் பல ஆண்டுகள் சொன்னார். 1995இல் அது பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலானபோது ஆசிரியர் வரிசையில் விரம்மாவின் பெயர் முதலில் நின்றது. ஜோசியான், ழான்-லுக் ராசின் பெயர்கள் அதன்பின் வந்தன. எழுத்தறியாதவர் ஆசிரியராக முடியும் என்பதை அட்டையே சொல்லிவிட்டது. அண்டை மாநிலத்தில் நளினி ஜமீலாவின் தன்வரலாறு மற்றொரு பாடம். கோபிநாத் துணையுடன் 2005இல் வெளிவந்த முதல் வடிவம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. இது என் குரலன்று எனக் கருதித் திருத்திய வடிவத்தை அவரே வெளியிட்டார். சொல்பவருக்கு நூலை மறுக்கவும் உரிமையுண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ‘உண்மையில் நடந்த, ஊக்கமூட்டும் கதை’ என்று பதிப்பாளர் எதிர்பார்க்கும் வடிவத்துக்குள் ஒரு வாழ்க்கையை மடித்துத் திணிக்கும்போது முதலில் கசங்குவது அவர் பேச்சுதான். துயரத்தைக் கூட்டி, இறுதியில் வெற்றியை வைத்து, நடுவிலுள்ள சிரிப்பையும் வஞ்சத்தையும் விட்டுவிடுவார்கள். விரம்மாவின் நூல் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய சிரிப்பு அதில் இருப்பதே. பிரெஞ்சு மூலத்தின் துணைத்தலைப்பிலும் அச்சிரிப்பு உண்டு.

முத்துக்குளித்துறைக்கு இது ஏன் அவசரமான பேச்சு என்றால், தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். 1955இல் தொடங்கி ஏழாண்டுகள் அடுத்தடுத்து நடந்த சலாபம் அத்துடன் நின்றது. பார்களில் சிப்பி பெருகவில்லை. சங்கு குளிப்பு தொடர்ந்தது, முத்துக்குளிப்பு நினைவாயிற்று. எத்தனை தோணி, எத்தனை சிப்பி, அரசுக்கு எவ்வளவு, குளிப்பவருக்கு எவ்வளவு என்ற கணக்கு அறிக்கைகளில் இருக்கிறது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது காதில் என்ன கேட்டது, மேலே கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனனை எந்த அளவு நம்பினார்கள், பங்கு பிரிக்கும் மாலையில் கரையில் யார் யாரோடு சண்டையிட்டார்கள் என்பதெல்லாம் அறிக்கையில் ஏறாதவை. கரையில் காத்திருந்த பெண்களின் கணக்கு வேறாக இருக்கும். அவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும், ஆண்கள் எழுந்து போன பிறகு.

வேம்பார் முதல் மணப்பாடு வரை ஒவ்வொரு துறையிலும் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. சொன்னவர் பெயரை முதலில் போடுவது, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுவது, அவர் ‘இல்லை’ என்றால் அடித்துவிடுவது, கடற்கரைச் சொற்களை நகரத்துச் சொற்களாக்காமல் விடுவது ஆகிய இவ்வளவும் ஏற்கப்பட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம். 1961 சலாபத்தில் இருபது வயதில் குளித்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டியாயிற்று.