முடிசூடும் பெருமாள்: ஒரு பெயரும் ஓர் அம்மானையும்

இன்று சாமித்தோப்பு என வழங்கும் தென்குமரிச் சிற்றூரில், 1809ஆம் ஆண்டு பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' எனப் பெயரிட்டனர். பனையேறிப் பிழைக்கும் குலத்தார் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என மேற்குலத்தார் சினக்கவே, அப்பெயர் 'முத்துக்குட்டி' ஆயிற்று என்பர். பின்னாளில் வைகுண்டர் எனப் போற்றப்பெற்றவர் இவரே.

அக்காலத் திருவிதாங்கூரில் சாணார், ஈழவர் முதலிய குலத்தார் பட்ட பாடு நாம் அறிந்ததே. தலைவரி, ஊதியமில்லா ஊழியம் ஆகியவற்றோடு உடல்மீதும் சட்டம் எழுதப்பட்டிருந்தது. ஆடவர் தலைப்பாகை கட்டலாகாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி தாழலாகாது. பெண்டிர் மார்பை மறைக்கலாகாது. கிறித்தவ மறைப்பணியாளரை அண்டி மதம் மாறிய பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதும் 1822 முதல் கலகங்கள் மூண்டன.

இச்சூழலில்தான், 1833இல் திருச்செந்தூர்க் கடலினின்றும் தாம் வைகுண்டராக வெளிப்பட்டதாக முத்துக்குட்டி அறிவித்தார். அவர் மதம் மாறவில்லை, மதத்தையே மாற்றினார். காணிக்கையும் உயிர்ப்பலியும் வேண்டாம் என்றார். எல்லாக் குலத்தாரும் ஒரே கிணற்றில் நீர் முகக்கச் செய்தார், அதுவே முத்திரிக்கிணறு. கருவறையில் சிலைக்கு மாற்றாகக் கண்ணாடி நின்றது. வணங்க வந்தவன் தன் முகத்தையே எதிரில் கண்டான். எல்லாவற்றினும் மேலாக, ஆடவர் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபட வேண்டும் என விதித்தார். அரசன் தெருவில் மறுத்ததை இறைவன் சந்நிதியில் கட்டாயமாக்கிய இத்துணிவை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு குழந்தையின் பெயரிலிருந்து பறிக்கப்பட்ட முடி, ஒரு கூட்டத்தார் அனைவர் தலையிலும் ஏறிற்று. சுவாதித் திருநாள் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறையிட்டதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் வட்டத்துக் கவிஞர்கள் கருத வேண்டியது இனித்தான் வருகிறது. வைகுண்டரின் சீடர் அரிகோபாலர் 1841இல் ஏட்டில் எழுதிய 'அகிலத்திரட்டு', அம்மானை யாப்பில் அமைந்தது. பெண்கள் காய் வீசி ஆடிய ஆட்டத்தோடு பிறந்த எளிய வடிவம் அது. அதனுள் புராணத்தின் யுகக்கணக்கு முழுதும் புகுந்தது. குறோணி என்னும் அரக்கன் ஆறு துண்டாக வெட்டுண்டு யுகந்தோறும் ஒரு துண்டாகப் பிறக்கிறான். கடைசித் துண்டே கலி. அக்கலி வானத்தில் இல்லை. வரி கேட்டும் ஊழியம் வாங்கியும் ஊரில் உலவுகிறது. ஆளும் அரசனைக் 'கலிநீசன்' என்றும் வெள்ளையனை 'வெண்நீசன்' என்றும் நூல் சுட்டுகிறது. மனுக்கொடுத்துப் பேச இயலாத மக்கள் புராணமாகப் பேசினர்.

இதனால் மேலாடை உரிமையை வைகுண்டர் ஒருவரே பெற்றுத் தந்தார் எனச் சொல்லத் துணியேன். அவர் 1851இல் மறைந்தார். அரசாணை 1859இல்தான் வந்தது. மறைப்பணியாளரின் முறையீடும் சென்னை ஆளுநர் திரெவெலியனின் நெருக்குதலும் அதற்கு முன்னின்றன. அவ்வாணையிலுங்கூட, மேற்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்ற முள் ஒன்று இருந்தது. ஆணை துணியைத் தந்தது. நிமிர்ந்த தலை அதற்கு முன்பே பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பழகிவிட்டிருந்தது.

1939இல் அச்சேறிய இந்நூலுக்கு நம் இலக்கிய வரலாறுகள் தந்த இடம் மிகச் சிறிது. மாணவர்க்கு இதனைப் பாடமாக வைக்கலாமே என நான் ஒருமுறை கேட்டபோது, "அது பக்திப் பாட்டு, இலக்கியமன்று" என்று மூத்த புலவர் ஒருவர் முடித்துவிட்டார். தேவாரத்தை எந்தக் கணக்கில் வைத்தார் என்று கேட்க அன்று எனக்கு வாய் எழவில்லை. சாமித்தோப்பிலோ கார்த்திகைதோறும் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடைபெறுகிறது. பள்ளிப் படிப்பு அறியாதவரும் அமர்ந்து, அடுத்த அடி எதுவென முன்னரே அறிந்து கேட்கின்றனர்.